மதிலோரம் மறைப்புக்கு ஆண்டு முழுக்க இலை நிற்கும் புதர்ச்செடி எது?

வேலியோரம்:

வணக்கம். மதிலை ஒட்டி வரிசையாக, எந்தப் பருவத்திலும் மொட்டையாகாத செடி வைக்க வேண்டும். பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியக்கூடாது, அவ்வளவுதான் தேவை. இடத்தின் விவரம்:

மொத்த நீளம் 30 அடி. மதிலுக்கும் நடைபாதைக்கும் நடுவே மண் விட்டிருப்பது இரண்டரை அடி. மதில் நாலரை அடி உயரம், செடி ஆறு அடிக்கு வந்தால் போதும். மதில் கிழக்கு எல்லையில் இருப்பதால் உட்பக்கம் மேற்கைப் பார்க்கிறது. மதியத்துக்கு மேல் 20 அடி நீளத்துக்கு முழு வெயில். மீதி 10 அடி பெரிய வேப்பமரத்து நிழல். களி கலந்த மண், மழை பெய்தால் அரை நாள் தண்ணீர் நிற்கும். பாய்ச்சுவது போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும். வீட்டில் சின்னக் குழந்தையும் நாயும் உண்டு. கத்தரிப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும்.

யோசித்து வைத்திருப்பவை: கோல்டன் துரந்தா, இட்லிப்பூ, அரளி, நந்தியாவட்டை, ஃபைக்கஸ். இதில் எது? எத்தனை செடி, என்ன இடைவெளி? இன்னொன்று: தொட்டியில் இருக்கும் இட்லிப்பூ தளிர் விட்டாலே மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போதாததாலா?


கவாத்து:

கேள்வியைத் தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள், பதிலும் சுலபமாகிறது. ஐந்தில் மூன்றை இப்போதே அடித்துவிடலாம்.

ஃபைக்கஸ்: வேண்டவே வேண்டாம். அது புதர் அல்ல, புதராக வெட்டி அடக்கி வைத்த மரம். மேலே எவ்வளவு வெட்டினாலும் வேர் தன் போக்கில் பருக்கும். இரண்டரை அடி மண்ணில் அதற்குப் போக வழி மதில் அஸ்திவாரம், நடைபாதை, கழிவுநீர்க் குழாய் இவைதான். வேகமாக வளரும் என்று சொல்லி கோனோகார்ப்பஸ் கொடுப்பார்கள், அதற்கும் இதே பதில்.

அரளி: உங்கள் வெயிலையும் தண்ணீரையும் இதைப் போலத் தாங்குகிற செடி அரிது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்துடிப்பையே பாதிக்கும். வெட்டிப்போட்ட காய்ந்த இலையும் விஷம்தான், அதை எரித்தால் வரும் புகையும் ஆகாது. குழந்தையும் கடித்துப் பார்க்கிற நாயும் இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். மஞ்சள் அரளி அதைவிட மோசம், கொட்டை கீழே விழுந்து கிடக்கும்.

கோல்டன் துரந்தா: மலிவாகவும் சீக்கிரமாகவும் நிறையும் என்பதால் எல்லோரும் வைப்பது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால்தான் அழகு. இரண்டு மாதம் விட்டால் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்கும், வெட்டும்போது உள்ளே இருக்கும் வெற்றுக் கம்பு தெரியும். நிழலில் பொன்னிறம் போய் வெறும் பச்சையாகிவிடும். வெட்டாமல் விட்டால் வரும் மஞ்சள் காயும் உண்ணத்தகாதது.

மிச்சம் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும். உங்கள் தொட்டிச் செடியே சொல்லிவிட்டது, இந்தத் தண்ணீருக்கு இட்லிப்பூ ஒத்துவராது என்று. ஆக வெயில் பக்கம் நந்தியாவட்டை. ஒற்றைப்பூ வகையோ அடுக்கு வகையோ, சாதாரணப் பச்சை இலை உள்ளதாக வாங்குங்கள். விட்டால் ஆறேழு அடிக்கு மேல் போகும், வெட்டினால் அடங்கும், மொத்தக் கம்பில் வெட்டினாலும் துளிர்க்கும். கிள்ளினால் பால் வரும், கண்ணில் படக்கூடாது. தின்னக்கூடிய செடியும் அல்ல. அரளியளவு அபாயம் இல்லை என்றாலும் குழந்தையைத் தள்ளி வைப்பது நல்லது.

இடைவெளி செடிக்குச் செடி இரண்டரை அடி. வரிசையின் முனையிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி முதல் செடி. 20 அடிக்கு 8 செடி கணக்கு. கூடவே இரண்டு செடியை அதே வயதில் தொட்டியில் வளர்த்து வையுங்கள். ஒரே வகை வரிசையில் நடுவில் ஒன்று பட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சின்னச் செடி அந்த ஓட்டையில் எழும்பாது, இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய செடிகள் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். ஒட்டி நட்டால் சாய்ந்துதான் வளரும். அஸ்திவாரத்தோரம் சிமெண்ட் கலவைக் கழிவு புதைந்திருக்கும், அது மண்ணை இன்னும் காரமாக்கும். தோண்டும்போது சாந்துக் கட்டி, செங்கல் துண்டு வந்தால் பொறுக்கி வெளியே எறியுங்கள், மறுபடி குழிக்குள் தள்ளாதீர்கள்.


செம்மண்:

கவாத்து சொன்னதில் செடித் தேர்வுக்கு மறுப்பில்லை. மண்ணையும் தண்ணீரையும் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் இந்த இடத்தில் செடி செத்தால் அதனால்தான் சாகும்.

முதலில் அந்த மஞ்சள் தளிர். இலை மஞ்சளானவுடன் உரம் போடும் பழக்கத்தை விடுங்கள், எந்த இலை என்று பாருங்கள். அடி இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்புக்கு நடுவே வெளுத்தால் மெக்னீசியம். நுனித் தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. உங்களுடையது மூன்றாவது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் மண்ணின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடுகிறது, ஏழைத் தாண்டினால் இட்லிப்பூ வேரால் இரும்பை எடுக்க முடிவதில்லை. நீங்கள் எலும்புத் தூளோ மணிச்சத்து மிகுந்த உரமோ போட்டால் அது இருக்கும் இரும்பையும் பிடித்துக் கட்டிவைக்கும். சாம்பலும் சுண்ணாம்பும் அதே கெடுதல்.

உடனடித் தீர்வு: ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட். பச்சை சாயலில் இருக்கும்போதே தெளிக்க வேண்டும். பழுப்பேறிவிட்டால் கொட்டிவிடுங்கள், பயன் போய்விட்டது என்று பொருள். மாலை வெயில் தணிந்த பின் இலையின் இரண்டு பக்கமும், 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, அட்டை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முற்றிய இலை முழுக்க பச்சையாகாது, அடுத்து வரும் தளிரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மண்ணில் விட வேண்டுமானால் கீலேட் இரும்பு, அதாவது மண் பிடித்துக் கட்டிவைக்காதபடி வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த இரும்பு. இங்குதான் பலர் ஏமாறுவது. இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரம் உடைந்துபோகும், பி.எச். ஆறரை வரைதான் அதன் ஆட்டம். டி.டி.பி.ஏ. ஏழரை வரை தாங்கும். அதற்கும் மேலே என்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதுதான் வேலைக்காகும். வெறுமனே 'இரும்புச்சத்து' என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். தொட்டிச் செடி ஒன்றிரண்டு என்றால் இவ்வளவு கூட வேண்டாம், மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் மட்டும் கூடாது, போர் தண்ணீரைவிட உப்பு செறிந்தது அது.

ஒரு சோதனை செய்யுங்கள். தோண்டிய இடத்து மண்ணை உலர்த்தி ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியானால் கந்தகம் போட்டு மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள், போடப்போட சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். அந்த மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேடுவதுதான் வழி.

அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம் குழி தோண்டி நிறையத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு குச்சியில் குறியிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நேரடியாக நடலாம். அதற்கும் குறைவென்றால் பாத்தியை 8 அங்குலம் உயர்த்துங்கள். நடைபாதை ஓரம் செங்கல் கட்டு கொடுக்க வேண்டும், மதில் பக்கம் மண் மதிலைத் தொடாமல் அரை அடி சரிவாக விடுங்கள். மதிலில் மண்ணைச் சாய்த்தால் ஓதம் ஏறி பூச்சு உதிரும்.


வேலியோரம்:

மிக்க நன்றி. சோதனை செய்தேன். வினிகருக்கு லேசாக நுரைக்கிறது, குழியில் ஒரு மணி நேரத்தில் முக்கால் அங்குலம்தான் இறங்கியது. ஆக பாத்தியை உயர்த்த வேண்டும் என்று புரிகிறது.

நிழல் பக்கம் 10 அடிக்கு என்ன வைப்பது? அங்கேயும் நந்தியாவட்டையே போட்டால் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு நண்பர் காமினி வைக்கச் சொல்கிறார், வாசனையாக இருக்குமாம். படங்களில் பார்க்கும் பாக்ஸ்வுட் போல சதுரமாக வெட்டிய வேலி இதில் வருமா?


இலைநிழல்:

பாக்ஸ்வுட் குளிர்ப் பிரதேசத்துச் செடி, சூடு பிடித்த மேற்கு பார்த்த மதிலடியில் நிற்காது. தூஜாவும் வேண்டாம்ங்க. அதில் பச்சை இல்லாத பழைய கம்பு வரை வெட்டிவிட்டால் அங்கே மறுபடி துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். கத்தரியைச் சதுரமாகப் போட வேண்டும் என்ற ஆசை இருந்தால் சங்கங்குப்பியைப் பாருங்கள். கடலோர உப்பு நிலத்தில் தானாக வளர்வது, தண்ணீர் நின்றாலும் கவலைப்படாது, உப்புத் தண்ணீருக்கும் அசராது. சின்ன இலை, நெருக்கமாக அடையும், எந்த உருவத்துக்கும் வெட்டலாம். உங்கள் மண்ணுக்கு நந்தியாவட்டையைவிட இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. இரண்டு குறை உண்டு: இலையைக் கசக்கினால் ஒரு வாடை வரும், வேகமாக நீளும்.

காமினி அருமையான செடிதான். மெதுவாக வளரும், நெருக்கமாக அடைந்து நிற்கும், அடிக்கடி வெட்டவும் வேண்டாம். ஆனால் நுரைக்கிற மண்ணில் அதுவும் இட்லிப்பூவைப் போலவே தளிர் வெளுக்கும். இன்னொரு விஷயம், வீட்டில் எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தால் காமினி வைக்காதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்துக்குப் பச்சையாக்க நோயைக் கொண்டுவரும் சைலிட் பூச்சி காமினித் தளிரில்தான் சந்தோஷமாக முட்டையிடும். கறிவேப்பிலையிலும் அப்படியே.

நிழல் பக்கம்: ஒரே செடியாகப் போட்டால் வெயிலில் அடர்ந்தும் நிழலில் ஒல்லியாகவும் நின்று வித்தியாசம் கண்ணில் குத்தும். வேறு செடி வைத்து அதை வேண்டுமென்றே வைத்ததாகக் காட்டிவிடுங்கள். ஆடாதொடை நல்ல தேர்வு, பெரிய இலை, அரை நிழலில் ஐந்தாறு அடிக்கு வரும், ஆடுகூட வாய் வைக்காது. அலங்காரமாக வேண்டுமென்றால் ஷெஃப்லெரா, நிழலுக்கென்றே பிறந்தது, ஆனால் அதன் சாறு வாயில் பட்டால் எரியும், நாய் கடிக்கும் என்றால் யோசியுங்கள். குரோட்டன்ஸ் வைக்காதீர்கள், நிழலில் நிறம் போய்விடும்.

வேப்பமரத்தடியில் வாய்க்கால் தோண்டாதீர்கள். செடிக்கு ஒரு குழி என்று மட்டும் எடுங்கள், கைக்கட்டைவிரல் கனத்துக்கு மேலான வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல் குழியைத் தள்ளிப்போடுங்கள். மரவேர் தண்ணீரை முதலில் உறிஞ்சிவிடும், ஆகவே நிழல் என்றாலும் அந்தப் பக்கத்துக்கு வெயில் பக்கத்தைவிடக் குறைத்து ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம். 10 அடிக்கு 4 செடி.


கவாத்து:

சங்கங்குப்பி பற்றி இலைநிழல் சொன்னது சரி, மண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் முதல். ஆனால் கேட்டவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கத்தரிப்பேன் என்கிறார். அந்த இடைவெளியில் சங்கங்குப்பி நடைபாதைக்கே வந்துவிடும். மாதம் ஒருமுறை முடியும் என்றால் அதையே வையுங்கள், முடியாதென்றால் நந்தியாவட்டை. லேசான நுரைப்புக்கு நந்தியாவட்டை தாங்கும், இட்லிப்பூவைப் போல முகம் சுளிக்காது. பழைய இலையின் ஓரம் கருகினால் அது உப்புச் சேர்ந்ததன் அடையாளம், அப்போது ஒருநாள் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்குங்கள். பாத்தி உயர்ந்திருந்தால்தான் அது பலிக்கும்.

நடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒன்றரை அடி உயரத்தில் அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை விட்டது, நாலடி ஒற்றைக் குச்சியைவிட மேல். எல்லாச் செடியும் ஒரே தாய்ச்செடியின் பதியன்களாக, ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் வரிசையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கணுவில் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடியைத் தொடவே வேண்டாம்.

பையில் இருக்கும் மண்தான் பெரிய வில்லன். நாற்றங்கால்களில் பெரும்பாலும் ஒட்டும் செம்மண்ணை அழுத்தி அடைத்திருப்பார்கள், காய்ந்தால் கல்லாகிவிடும். அதை அப்படியே இளகிய பாத்தியில் வைத்தால் ஊற்றும் தண்ணீர் சுற்றிலும் இளகிய மண் வழியாக இறங்கிப் போய்விடும், உருண்டைக்குள் ஏறாது. குழி ஈரமாக இருக்க, செடி தாகத்தில் வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவீர்கள், வெளியே வந்த நாலு வேரும் அழுகும். ஆகவே நடும் முன் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்துங்கள். பையைக் கிழித்து, உருண்டையின் வெளிப்புறத்தை ஒரு விரல் கனத்துக்குக் குச்சியால் கிளறி உதிருங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் வேரைக் கத்தியால் சீவி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று கீறல் போடுங்கள். சுருண்ட வேரை அப்படியே விட்டால் சில ஆண்டு கழித்துத் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும்.

வெயில் பக்கம் தனித்தனிக் குழியைவிட ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வாய்க்காலாகத் தோண்டுவது நல்லது. களிமண்ணில் தனிக்குழி என்பது தண்ணீர் வடியாத தொட்டிதான். 20 அடிக்குக் கணக்குப் போட்டால் 45 கன அடி மண் வரும். மூன்று பங்கு அதே மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், அதாவது 11 கன அடி, சுமார் 300 லிட்டர். அதற்கு மேல் உரம் சேர்த்தால் மக்கி இறங்கி, செடியும் கூடவே பள்ளத்துக்குப் போகும். வேரும் தண்டும் சேரும் கழுத்து மண் மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே இருக்கட்டும். மேலே இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகக் காய்ந்த சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி.


செம்மண்:

தண்ணீர்: முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் செடிக்கு 5 லிட்டர், வேர் உருண்டையின் மேலேயே. பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. மூன்று மாதம் கழித்து வாரம் ஒன்றோ இரண்டோ முறை 10 லிட்டர், ஆழமாக. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலாகவே நிற்கும், அந்த மதில் சூட்டில் முதலில் காய்வதும் அதுதான். சொட்டுநீர் போட்டால் செடிக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு, தண்டிலிருந்து முக்கால் அடி தள்ளி இருபுறமும், ஒன்றேகால் மணி நேரம் ஓடட்டும். உங்கள் தண்ணீரில் வாய் அடைக்கும், மாதம் ஒருமுறை குழாயின் கடைசி முனையைத் திறந்துவிட்டு அலசுங்கள், கழற்றக்கூடிய சொட்டுவான்களை வினிகரில் ஊறப்போடுங்கள்.


வேலியோரம்:

நந்தியாவட்டை 8, ஆடாதொடை 4 என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாகக் கத்தரிப்பு. முதல் வருடம் வெட்டாமல் ஆறு அடி வரவிட்டு, அப்புறம் வெட்ட ஆரம்பித்தால் சீக்கிரம் மறைப்புக் கிடைக்கும் அல்லவா?


கவாத்து:

கிடைக்காது. மேலே மட்டும் குடை, கீழே கால் தெரியும். நட்டு வேர் பிடித்து முதல் புதுத்தளிர் வந்தவுடன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு மூன்று கிளை புறப்படும். அவை ஒரு சாண் நீண்டதும் பாதியை எடுங்கள். இப்படி இடுப்பு உயரம் வரை ஏற்றிய பிறகு உயரம் போக விடலாம். முதல் வருடம் பொறுமை வேண்டும், பின்னால் அதற்குக் குறுக்குவழி கிடையாது.

உருவம்: அடி அகலம், நுனி ஒடுக்கம். ஆறு அடி உயரத்தில் அடிப்பாகம் இரண்டேகால் அடி என்றால் உச்சி ஒன்றரை அடி. செங்குத்தாக வெட்டினாலோ மேலே அகலமாக விட்டாலோ கீழ் இலைக்கு வெளிச்சம் விழாமல் உதிரும். மதில் பக்கம் நாலரை அடி வரை எப்படியும் வெறுமையாகத்தான் இருக்கும், அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, சரிவு முழுவதையும் முன்பக்கத்தில் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நாலைந்து முற்றிய கம்பை அடியிலிருந்தே எடுத்துவிட்டால் உள்ளேயும் வெளிச்சம் போகும்.

பழைய இலை அவ்வப்போது மஞ்சளாகி விழுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். பசுமைமாறாச் செடி என்றால் இலையே உதிராத செடி அல்ல, மொத்தமாக உதிர்க்காத செடி. ஒரே வாரத்தில் பாதி இலை கொட்டினால்தான் வேரைப் பார்க்க வேண்டும்.


இலைநிழல்:

பூச்சியில் இரண்டை மட்டும் கவனியுங்க. நந்தியாவட்டை இலை ஒரே இரவில் காம்போடு காணாமல் போனால் கீழே மிளகு கனத்தில் கரும்புழுக்கை கிடக்கும். அதற்கு நேர் மேலே தேடினால் விரல் நீளப் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலக்கண் போல இரண்டு புள்ளி. அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது, கையால் எடுத்துப் போட்டாலே போதும், மருந்து வேண்டாம்.

இன்னொன்று கோடையில் மதில் சூட்டுக்கு வரும் செம்பேன். இலை தூசு படிந்ததுபோல வெளிறும், அடியில் மெல்லிய வலை தெரியும். வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கம் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய 1 மில்லி சோப்புக்கரைசல், மாலையில், வாரம் ஒருமுறையாக மூன்று தடவை. மாவுப்பூச்சிக்கும் இதே கரைசல்தான், ஆனால் எறும்பு ஏறுவதை நிறுத்தாமல் அடிப்பது வீண். எறும்புதான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த செடியில் வைக்கும்.